தட்டில் வைத்த சந்தாப் பணம்

என் வேலை ஐந்து மென்பொருள்களை நம்பி இருந்தது. ஐந்துக்கும் மாதாமாதம் டொலரில் சந்தா கட்ட வேண்டும். அந்த ஐந்து சந்தாவும் என் மாமாவின் வங்கி அட்டையிலிருந்து போயின. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று முதன்முதலில் உட்கார்ந்து யோசித்தபோது அது வெறும் பணக் கணக்கு என்றுதான் நினைத்தேன்.

எங்கள் லயம், தொழிலாளர்களுக்கான வரிசை வீடு, றக்வானைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறது. நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே அப்பா இறந்துவிட்டார். அம்மா கொழுந்து பறிக்கிறார். எங்கள் குடும்பத்தில் உயர்தரப் பரீட்சை எழுதிய முதல் ஆள் நான். பட்டம் வாங்கிய முதல் ஆளும் நான். இதைச் சொல்வதில் எனக்குக் கூச்சம் இல்லை. கூச்சப்பட வேண்டும் என்று எதிர்பார்க்கிறவர்கள் பக்கத்தில் இருந்தால் இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்வேன்.

படிப்பு முடிந்ததும் வீட்டிலிருந்தே செய்யும் ஒரு வேலை கிடைத்தது. வெளிநாட்டில் உள்ள ஒரு சிறிய நிறுவனம். ஆவணப்படங்களுக்கும் நேர்காணல்களுக்கும் திரையின் அடியில் ஓடும் ஆங்கில வரிகளைத் தயாரித்துக் கொடுப்பவர்கள். தமிழும் சிங்களமும் கலந்து பேசுகிற காட்சிகளுக்கு அவர்களிடம் ஆள் இல்லை. எங்கள் பக்கத்தில் பிறந்தவர்களுக்குச் சிங்களம் தனியாக உட்கார்ந்து படிக்க வேண்டிய பாடம் அல்ல. கடையிலும் பஸ்ஸிலும் ஆஸ்பத்திரியிலும் அதுதான் காதில் விழும், அதுதான் வாயில் வரும். ஒரு மனிதர் தமிழில் தொடங்கி, கோபம் வந்ததும் சிங்களத்துக்குத் தாவி, அழும்போது மறுபடி தமிழுக்கு வருவதைக் கேட்டால் அவர் ஏன் அப்படித் தாவுகிறார் என்று எனக்குத் தெரியும். அதை ஆங்கிலத்தில் இரண்டு வரிக்குள் அடக்கத் தெரியும். அதற்குத்தான் சம்பளம்.

அம்மாவுக்கு இந்த வேலை புரிந்தது. சந்தாதான் புரியவில்லை.

"மாசாமாசம் யாருக்குடி காசு கட்டுற?"

"சந்தாம்மா."

"எந்த யூனியனுக்கு?"

"யூனியன் இல்லம்மா. கம்ப்யூட்டர்ல வேலை செய்யிற சாமானுக்கு."

"சாமான்தான் வாங்கியாச்சுல்ல? அப்புறம் என்னா சந்தா?"

"வாங்க முடியாதும்மா. வாடகை மாதிரி கட்டிக்கிட்டே இருக்கணும். நிப்பாட்டுனா பூட்டிருவாங்க."

"அட, நம்ம காம்பரா மாதிரின்னு சொல்லு," என்று சொல்லி அம்மா சிரித்தார். தோட்டத்தில் வேலை செய்யும்வரைதான் லயத்து அறை எங்களுக்கு. நானும் சிரித்தேன்.

சொந்தமாக ஒரு அட்டை எடுக்க நான் முயலாமல் இல்லை. என் சேமிப்புக் கணக்கின் அட்டை நாட்டுக்குள்ளே மட்டும் செல்லும். வெளிநாட்டுக்குக் கட்டக்கூடிய அட்டை வேண்டும் என்று இரத்தினபுரியில் ஒரு வங்கிக்குப் போனேன். என் வயதை ஒத்த ஒரு சிங்கள அதிகாரி. என்னை உட்காரச் சொல்லி, விண்ணப்பத்தைத் தானே நிரப்ப ஆரம்பித்தார். விலாசம் வந்த இடத்தில் பேனா நின்றது.

"வீட்டு நம்பர், நங்கி?"

"நம்பர் இல்லை. லயம்."

தங்கையை அழைப்பதுபோல அவர் என்னை நங்கி என்றே கடைசிவரை அழைத்தார். உங்கள் பெயரிலோ அம்மா பெயரிலோ ஒரு கரண்ட் பில், இல்லையென்றால் தண்ணீர் பில் கொண்டு வாருங்கள், போதும் என்றார். எங்கள் லயத்துக்குக் கரண்ட் பில் தோட்டத்தின் பெயரில் வருகிறது. அம்மாவின் பங்கைச் சம்பளத்தில் கழித்துக்கொள்வார்கள். தண்ணீர் மலையிலிருந்து பீலிக் குழாயில் வருகிறது, அதற்கு யாரும் பில் போடுவதில்லை. கிராம சேவகரின் கடிதத்தை நீட்டினேன். அது சாதாரணக் கணக்குக்குச் சரி, இந்த அட்டைக்குப் போதாது என்றார். நிறுவனம் மின்னஞ்சலில் அனுப்பிய சம்பளக் கடிதத்தைக் காட்டினேன். அதில் முத்திரை இல்லை என்றார். மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை பேசவில்லை. அதனால் கோபப்படக்கூட வழியில்லாமல் வெளியே வந்தேன்.

அப்போதுதான் மாமா வந்தார். அம்மாவின் தம்பி. றக்வானை பசாரில் கொமியுனிகேஷன் வைத்திருக்கிறார், ஃபோட்டோ கொப்பி எடுக்கவும் ஃபோனுக்குக் காசு போடவும் எல்லாரும் போகிற கடை. அப்பா போன பிறகு எங்கள் வீட்டில் அரிசி தீர்ந்த நாட்களில் அம்மா போய் நின்ற இடமும் அதுதான். நான் பள்ளிக்கூடம் போகக் காலுக்குச் சப்பாத்து வருடாவருடம் வாங்கித் தந்தவர் அவர். நல்ல மனிதர். இந்தக் கதையில் கெட்டவர்கள் யாரும் இல்லை என்பதுதான் எனக்குப் பெரிய தொந்தரவு.

"நம்ம கார்ட் சும்மாதான கெடக்குது தாயி. அதுல போட்டுக்க. காச மெதுவா குடு," என்றார்.

போட்டுக்கொண்டேன். சம்பளம் வந்ததும் டொலர் விலையைப் பார்த்து, ரூபாயைக் கணக்காக எடுத்துக்கொண்டு போய்க் கொடுப்பேன். அவர் எண்ணாமல் மேசை லாச்சிக்குள் போடுவார். நன்றி சொல்லிவிட்டு வருவேன். அந்த அளவுக்கு எனக்குப் பொறுக்க முடிந்தது.

பொறுக்க முடியாதது தொலைபேசிதான். அட்டையில் புதிதாக ஏதாவது கட்டும்போது வங்கி ஓர் இரகசிய எண்ணை அனுப்பும். அந்த எண் மாமாவின் ஃபோனுக்குத்தான் போகும். இரண்டு மென்பொருள்கள் ஒவ்வொரு மாதமும் எண் கேட்டன. மற்றவை தாமாகவே எடுத்துக்கொண்டன, ஆனால் எடுத்த செய்தி அவருக்குப் போனது. நான் என்ன வாங்குகிறேன், எப்போது வாங்குகிறேன் என்பது எல்லாம் ஃபோட்டோ கொப்பி மெசினுக்குப் பக்கத்தில் கிடக்கும் ஒரு ஃபோனுக்குத் தெரியும்.

மாமாவுக்குக் கண்ணாடி கிடைப்பதற்குள் எண் செத்துவிடும். அதனால் அந்தப் பொறுப்பு அவர் மகனுக்குப் போனது. என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர், கடையில் நிற்பவர், எனக்கு மச்சான் முறை.

"மச்சான், நம்பர் வந்துச்சா?"

"வந்துச்சே. சொன்னா என்னா தருவ?"

"வெளையாடாதீங்க மச்சான், ஒரு நிமிசந்தான் இருக்கு."

"சரி சரி. ஏழு... ரெண்டு... இரு, ஒரு அக்கா வந்திருக்காங்க. ஐடி கார்ட் ரெண்டு பக்கமுமா அக்கா?"

"மச்சான்!"

"ரெண்டு பக்கமுமாம். எதுல நின்னோம்?"

பின்னால் கடையில் நிற்பவர்கள் சிரிப்பது கேட்கும். ஒரு தடவை யாரோ, "பொண்ணா பேசுறது?" என்று கேட்டார்கள். "நம்ம புள்ளதான்," என்று மாமாவின் குரல் பதில் சொன்னது. அன்றைக்கு எண்ணை வாங்கிக்கொண்டு நன்றி சொல்லாமல் ஃபோனை வைத்தேன்.

வேலை குறைந்த ஒரு மாதத்தில் முதல் தடவையாக அந்த ஐந்தையும் முன்னால் வைத்துப் பார்த்தேன். ஜன்னல் ஓரம்தான் எங்கள் வீட்டில் சிக்னல் நிற்கும் இடம். மடிக்கணினியை அங்கே வைத்து, ஒவ்வொன்றாகத் திறந்தேன்.

பேச்சைக் கேட்டு எழுத்தாக மாற்றித் தரும் மென்பொருள் ஒன்று. ஆங்கிலத்தை ஒரு வார்த்தை தவறாமல் எழுதும். எங்கள் ஆட்களின் பேச்சைக் கேட்டால் பைத்தியம் பிடித்ததுபோல எழுதும். நான் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து எழுதுவேன். ஆனாலும் யார் எந்த நொடியில் பேச ஆரம்பித்தார்கள் என்பதை அது குறித்துவைக்கும், அது ஒரு உதவி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கோப்புகளைச் சேமித்து வைக்கும் இடம் இன்னொன்று. காணொளிகள் பெரியவை, என் கணினி பழையது. அந்த நிறுவனத்திடமே அவர்களுடைய இடத்தில் ஒரு மூலை கேட்டிருக்கலாம். கேட்க எனக்கு மனம் வரவில்லை.

கூட்டம் நடத்தும் மென்பொருளுக்கு இலவச வடிவம் உண்டு. ஆனால் அது கொஞ்ச நேரத்தில் பேச்சைப் பாதியில் வெட்டிவிடும். தொடக்கத்தில் ஒருமுறை அப்படி நடந்தது. நான் அழைத்த கூட்டத்தில், நான் ஒரு வாக்கியத்தின் நடுவில் இருக்கும்போது எல்லாரும் மறைந்து போனார்கள். மறுநாளே சந்தா கட்டினேன்.

ஆங்கில இலக்கணத்தைத் திருத்தித் தரும் மென்பொருளைப் பற்றி யோசிக்கத்தான் அதிக நேரம் எடுத்தது. அது என் வரிகளில் பெரிய பிழை எதையும் கண்டுபிடித்ததில்லை. ஒரு காற்புள்ளியை நகர்த்தும், அவ்வளவுதான். ஆனால் அது இல்லாமல் ஒரு மின்னஞ்சல்கூட அனுப்ப எனக்குத் தைரியம் இல்லை. நான் ஒரு பிழை விட்டால், அவசரத்தில் விட்டது என்று நினைக்க மாட்டார்கள், தோட்டத்துப் பிள்ளைக்கு இவ்வளவுதான் வரும் என்று நினைப்பார்கள் என்ற பயம். நான் தோட்டத்துப் பிள்ளை என்பதே அவர்களுக்குத் தெரியாது.

ஐந்தாவது, வரிகளைப் படத்தோடு பொருத்தும் மென்பொருள். அதைப் பற்றி யோசிக்க ஒன்றுமில்லை. நிறுவனம் அனுப்பும் கோப்புகள் அதில் மட்டும்தான் திறக்கும். அது இல்லையென்றால் வேலை இல்லை.

அன்றைக்கு எதையும் நிறுத்தவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது, காரணங்களைக் கூட்டிப் பார்த்தால் நியாயமாகவும் இருந்தது.

அடுத்து வந்தது தைப்பொங்கல். பொங்கல் முடிந்த கையோடு மாமா வீட்டுக்குப் போவது எங்கள் வழக்கம். முந்தின மாதச் சந்தாப் பணத்தையும் கொடுக்க வேண்டியிருந்தது. ஒரு உறையில் போட்டு அம்மாவிடம் கொடுத்தேன்.

"நல்ல நாளும் பெரிய நாளுமா, மொட்டக் காச எப்புடி நீட்டுறது?" என்றார் அம்மா.

சில்வர் தட்டில் வெற்றிலை பாக்கு வைத்தார். ஒரு சீப்பு வாழைப்பழம், கற்கண்டு, மஞ்சள். எல்லாவற்றுக்கும் மேலே உறை. கடன் அடைக்கிற மாதிரி இருக்கக்கூடாது என்பது அவர் எண்ணம். எனக்கும் அது அழகாகத்தான் பட்டது. பஸ்ஸில் அந்தத் தட்டைத் துணியால் மூடி மடியில் வைத்துக்கொண்டு போனவளும் நான்தான். ஒரு கணினி நிரலுக்கான வாடகை வெற்றிலைமேல் உட்கார்ந்து மலையிறங்குகிறது என்று நினைத்து உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன்.

கடைக்குப் பின்னால்தான் அவர்கள் வீடு. அத்தை தட்டை இரண்டு கையாலும் வாங்கினார். சாமி அறைக்குள் கொண்டுபோனார். சாப்பிட்டோம். மாமா கடை வியாபாரத்தைப் பற்றிப் பேசினார். மச்சான் அன்றைக்கு வழக்கமில்லாமல் எதுவும் பேசவில்லை. புறப்படும்போது அத்தை தட்டைத் திருப்பிக் கொண்டுவந்தார். வெறுந்தட்டாகத் திருப்பித் தர மாட்டார்கள், அது எல்லா வீட்டிலும் உள்ளது. கொஞ்சம் சர்க்கரையோ பலகாரமோ இருக்கும் என்று நினைத்தேன்.

தட்டில் ஒரு சீலை இருந்தது. அரக்கு நிறம். அதன்மேல் பூச்சரம், குங்குமச் சிமிழ். சீலையின் மடிப்புக்குள் எங்கள் உறை, ஒட்டினபடியே இருந்தது.

அத்தை என் நெற்றியில் குங்குமம் வைத்தார். பூவை அவரே என் தலையில் செருகினார்.

"மாமா, காசு..." என்றேன்.

"நம்ம வீட்டுப் புள்ளகிட்ட என்னா தாயி கணக்கு? இனிமே அந்தப் பேச்சே வேணாம்," என்றார் மாமா. அவர் கண்ணில் உண்மையாகவே சந்தோஷம் இருந்தது. அம்மா என்னைப் பார்க்காமல் தட்டை வாங்கித் துணியால் மூடினார்.

எங்கள் சனத்தில் இரண்டு வீட்டார் தட்டு மாற்றிக்கொண்டால் கலியாணம் பேசி முடித்தாயிற்று என்று அர்த்தம். நான் என் கையாலேயே தட்டைக் கொண்டுபோய்க் கொடுத்திருந்தேன்.

மறுநாள் காலையில் பீலியடியில் குடத்தோடு நின்றபோது பக்கத்து வீட்டு அக்கா என் தோளை இடித்தார்.

"என்னாடி, தட்டு மாத்தியாச்சாமே! எங்களுக்கு ஒரு வாய் டீத்தண்ணிகூட இல்லயா?"

"ஐயோ இல்லக்கா. பொங்கலுக்குப் போனோம், அவ்ளோதான்."

"சீல வந்துச்சா?"

"வந்துச்சு."

"பூ வச்சாங்களா?"

நான் குடத்தைப் பீலிக்குக் கீழே நகர்த்தி வைத்தேன்.

"அப்புறம் என்னாடி இல்ல? பஸ்ஸுல இருந்து பூவோடதான எறங்குன. படிச்ச புள்ளைக மட்டும் வெக்கப்படுறதுக்கும் ஒரு பாடம் படிக்கும்போல."

பீலியடியில் எல்லாரும் சிரித்தார்கள். கேலி இல்லை, பாசம்தான். எப்படி மறுப்பது? தண்ணீர் குடத்தில் நிறைந்து வழிந்துகொண்டிருந்ததைக்கூட நான் கவனிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன். "ஒங்களுக்குத் தெரியுமா, அவங்க இப்புடிச் செய்வாங்கன்னு?"

"எனக்கு என்னாடி தெரியும்? காச நீட்டுனேன். அவங்க சீல வச்சாங்க."

"அந்தச் சீலயத் திருப்பிக் குடுத்துருங்கம்மா."

அம்மா கொழுந்துக் கூடையின் கயிற்றைச் சரிசெய்துகொண்டிருந்தார். கை நின்றது.

"திருப்பிக் குடுத்தா எனக்குத் தம்பி இல்ல. அவன் இல்லாட்டி நீ இன்னைக்கு இந்தக் கம்ப்யூட்டருக்கு முன்னாடி ஒக்காந்திருப்பியா? மலையில கொழுந்துதான் பறிச்சுக்கிட்டிருப்ப."

"அதுக்காகக் கட்டிக்கணுமா?"

"நான் கட்டிக்கன்னு சொன்னேனா? மச்சான் கெட்ட பையனா? குடியா? ஒரு வார்த்த சொல்லு."

"கெட்டவர் இல்லம்மா. எனக்கு வேணாம்."

"வேணாம்னா வேணாம்னு ஒன் மாமன் மொகத்துக்கு நேரா நீயே சொல்லு. மாசாமாசம் அவன் கார்டுல வாங்கித் தின்னுக்கிட்டு, நடுவுல என்னய ஏன் இழுக்குற?"

அம்மா மலைக்குப் போய்விட்டார். அவர் சொன்னது எரிச்சலாக இருந்தது. அதைவிட எரிச்சல், அதில் பொய் இல்லை. நான் காசு கொடுக்கத்தான் செய்தேன். ஆனால் வாங்க மாட்டேன் என்று ஒருவர் சொல்லிவிட்டால் கொடுத்ததும் கொடுக்காததும் ஒன்றுதான். அந்த உறை ஒட்டினபடியே திரும்பிவந்த நாளிலிருந்து என் ஐந்து சந்தாக்களும் சீர்வரிசையாக மாறிவிட்டன.

அன்றைக்கு அந்த ஐந்தையும் இரண்டாவது தடவையாக முன்னால் வைத்தேன். இந்த முறை கேள்வி வேறு. இது எத்தனை டொலர் என்று கேட்கவில்லை. இதற்காக அந்தக் கடையில் இன்னும் ஒரு மாதம் ‘நம்ம வீட்டுப் புள்ள’யாக இருக்க நான் தயாரா என்று கேட்டுக்கொண்டேன். அப்படிக் கேட்டதும் முடிவுகள் வேகமாக வந்தன.

பேச்சை எழுதும் மென்பொருளை முதலில் விட்டேன். நொடிகளை நானே குறித்துக்கொள்ளலாம். சேமிக்கும் இடத்துக்கு நிறுவனத்திடம் கேட்டு எழுதினேன். ஒரு மணி நேரத்துக்குள் இடம் கொடுத்துவிட்டார்கள், ஏன் முன்பே கேட்கவில்லை என்று வேறு கேட்டார்கள். கூட்டம் நடத்தும் மென்பொருளையும் நிறுத்தினேன். இனிமேல் அவர்கள் அழைத்தால் நான் போவேன், அவ்வளவுதான். ஒவ்வொன்றை நிறுத்தும்போதும் திரை கெஞ்சியது. உண்மையிலேயே போகிறீர்களா, பாதி விலைக்குத் தரலாமா, என்ன குறை கண்டீர்கள் என்று பக்கம் பக்கமாகக் கேட்டது. பாதி விலைக்கு ஒப்புக்கொண்டாலும் எண் மாமாவின் ஃபோனுக்குத்தான் போகும்.

இலக்கணம் திருத்துவதை நிறுத்தும் பக்கத்தை இரண்டு தடவை மூடித் திறந்தேன் என்பதை எழுதத்தான் வேண்டும். நிறுத்திய பிறகு நிறுவனத்துக்கு ஒரு சின்ன மின்னஞ்சல் எழுத எனக்கு அரை நாள் பிடித்தது. அவர்கள் வழக்கம்போல ஒற்றை வரியில் பதில் போட்டார்கள்.

ஐந்தாவது மட்டும் மிச்சம் இருந்தது. அது எண் கேட்காது. மாதத்தின் அதே தேதியில் தானாகவே எடுத்துக்கொள்ளும். மறுபடி ஃபோன் எடுத்துக் கேட்க வேண்டிய அவமானம் இல்லை. நான் சும்மா இருந்தால் போதும், வேலை நடக்கும்.

பத்து நாள் கழித்து மச்சான் அழைத்தார்.

"என்னா, ஒன்னொன்னா நிப்பாட்டுற? அப்பாவுக்கு மெசேஜ் கொறஞ்சு போச்சு. ஒடம்புக்கு முடியலயான்னு கேக்குறாரு."

"நல்லாத்தான் இருக்கேன் மச்சான். ஒரு விசயம் கேக்குறேன், நெசத்தச் சொல்லுங்க. அந்தச் சீல வைக்கப்போறாங்கன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

அவர் ஃபோட்டோ கொப்பி மெசினை நிறுத்துவது கேட்டது.

"முந்தின நாளு அம்மா சொன்னாங்க."

"நீங்க என்னா சொன்னீங்க?"

"என்னயா கேட்டாங்க? சொன்னாங்க. கடையும் அவரோடது, வீடும் அவரோடது. நான் கொரியாவுல வேலைக்கு எழுதிப் போட்டிருக்கேன். அதுவே அவருக்குத் தெரியாது."

"அப்ப வேணாம்னு நீங்க சொல்லுங்களேன்."

"நீ வேற. இங்க பாரு, நான் ஒன்னு சொல்றேன். ஒன்னும் பேசாத. நானும் பேசல. ஒனக்கு கார்ட் ஓடிக்கிட்டே இருக்கும், வேலையும் இருக்கும். எனக்குக் கொரியா வந்துச்சுன்னா நான் போயிருவேன், தன்னால எல்லாம் ஆறிப் போகும். யாருக்கும் மனசு நோகாது."

"கொரியா வராட்டி?"

அவர் மெதுவாக, "வராட்டி நம்ம ரெண்டு பேரும் இங்கதான்," என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தார்.

அவர் சொன்ன வழி நல்ல வழி. அதனால்தான் பயமாக இருந்தது. அதில் யாரும் எதையும் செய்ய வேண்டியதில்லை. மாதம் பிறக்கும், காசு கழியும், நான் பேசாமல் இருப்பேன். பேசாமல் இருந்த ஒவ்வொரு மாதமும் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளப்படும். ஒருநாள் மண்டபத்துக்கு நாள் குறித்த பிறகு வேணாம் என்று சொன்னால், இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்கள். அப்போது என்னிடம் பதில் இருக்காது.

அன்று மாலையே ஐந்தாவதையும் நிறுத்தினேன். இந்த மாத முடிவுவரை திறந்திருக்கும், அதன்பின் பூட்டப்படும் என்று திரை சொன்னது. நிறுவனத்துக்கு எழுதினேன். என்னால் இந்த மென்பொருளைத் தொடர முடியவில்லை, வேறு வழியில் வேலை தர முடியுமா என்று. அவர்கள் மரியாதையாகப் பதில் போட்டார்கள். பேச்சைக் கேட்டு மொழிபெயர்த்து வெறும் எழுத்தாக அனுப்பலாம், படத்தோடு பொருத்தும் வேலையை இன்னொருவருக்குக் கொடுக்கிறோம், அதற்கேற்ப சம்பளம் குறையும் என்றார்கள். படத்தின் கடைசியில் ஓடும் பெயர்களில் என் பெயர் இனி வருமா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. வராது என்று தெரியும். ஒரு மனிதர் அழும்போது அவருடைய வரி திரையில் எத்தனை நொடி நிற்க வேண்டும் என்பதை இனி வேறு யாரோ முடிவு செய்வார்கள், அவருக்கு அந்த மொழியும் தெரியாது.

சீலையை அம்மா அலுமாரியில் வைத்துப் பூட்டினார். கட்டவும் சொல்லவில்லை, திருப்பிக் கொடுக்கவும் இல்லை.

அடுத்த சம்பளம் வந்ததும் அதில் கடைசி மாதச் சந்தாவையும் பழைய உறையையும் எடுத்துக்கொண்டு பசாருக்கு இறங்கினேன். தட்டு இல்லை, வெற்றிலை இல்லை. பையில் வாழைப்பழம்கூட இல்லை. கடையில் மூன்று நான்கு பேர் நின்றார்கள். வீட்டுப் பக்கம் போய் அத்தையிடம் கொடுத்திருக்கலாம். வேண்டுமென்றே கடை வாசல் வழியாகவே போனேன். மச்சான் மெசினிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, மறுபடி குனிந்துகொண்டார்.

உறையைப் பிரித்து, நோட்டுகளை எடுத்து, மாமாவுக்கு முன்னால் கண்ணாடி மேசையின்மேல் வைத்தேன்.

"என்னா தாயி இது?"

"சந்தாக் காசு மாமா. போன மாசத்தோடதும் இருக்கு. இனிமே கார்ட் வேணாம். எல்லாத்தையும் நிப்பாட்டிட்டேன்."

"நான்தான் வேணாம்னு சொன்னேன்ல?"

"நீங்க சொன்னீங்க மாமா. எனக்குக் குடுக்கணும்." அடுத்ததையும் வேகமாகச் சொன்னேன். "அந்தச் சீலைக்கும் எனக்குச் சம்மதம் இல்ல. அம்மாமேல கோவிக்காதீங்க. நான்தான் சொல்றேன்."

கடையில் நின்றவர்கள் எல்லாரும் திடீரென்று தங்கள் கையில் இருந்த தாள்களைப் படிக்க ஆரம்பித்தார்கள். மாமா என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும், எனக்கும் திருப்பிச் சொல்ல நிறைய இருந்தது. அவர் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டார். நோட்டுகளை எடுத்தார். இத்தனை நாளில் முதல் தடவையாக, ஒவ்வொன்றாக எண்ணினார். எண்ணி லாச்சிக்குள் வைத்து மூடினார்.

"சரியா இருக்கு," என்றார். பிறகு எனக்குப் பக்கத்தில் நின்ற ஆளிடம் கேட்கிற அதே குரலில் என்னிடம் கேட்டார். "வேற என்னா வேணும்?"

"ஒன்னும் வேணாம் மாமா."

"சரி."

வெளியே வந்தேன். தோட்டத்துக்குப் போகும் பஸ் நிற்கும் இடம் மாமாவின் கடைக்கு நேர் முன்னால்தான். பஸ் இன்னும் வந்திருக்கவில்லை. மழை பிடித்துக்கொண்டது. பசாரில் அந்த வரிசையில் தகரத் தாழ்வாரம் உள்ள கடை அது ஒன்றுதான், மழை வந்தால் எல்லாரும் அதற்குக் கீழேதான் ஒதுங்குவார்கள். நானும் ஒதுங்கினேன். முதுகுக்குப் பின்னால் மாமா இருமுவது கேட்டது, மெசின் ஓடுவது கேட்டது, மச்சான் யாரிடமோ ரெண்டு பக்கமுமா என்று கேட்பது கேட்டது. வழக்கமாக இந்த நேரத்தில் உள்ளே வந்து உட்காரச் சொல்வார்கள், அத்தை பின்பக்கத்திலிருந்து தேத்தண்ணி அனுப்புவார். யாரும் கூப்பிடவில்லை. போகவும் சொல்லவில்லை. சாரல் அடித்துச் சப்பாத்தும் பாவாடை ஓரமும் நனைந்துகொண்டிருந்தன. ஒரு அடி பின்னால் எடுத்து வைத்தால் நனையாமல் நிற்கலாம். வைக்காமல், பஸ் வரும் வளைவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.